தொனாத்தெல்லாவுக்கு ஒன்பது ஆள்

சாப்பிட வரச்சொல்லி, எஞ்சின் அறைப் படிக்கட்டின் வாயில் குனிந்து நின்று செலஸ்ரீனா கூப்பிட்டாள். "வாறன்" என்று கீழேயிருந்து புருசனின் குரல் வந்தது. பிறின்ஸின் குரல்தான், தொண்டையில் சளி கட்டியதுபோல கொஞ்சம் கரகரத்து, கடைசி எழுத்தை விழுங்கிவிடும் அதே குரல். அவள் நிமிர்ந்து, கை ஈரத்தை மேலங்கியில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். அங்கே முன்பக்க ஜன்னலுக்கு அப்பால், படகின் அணியத்தில், முழங்கால்வரை சுருட்டிவிட்ட காற்சட்டையோடு பிறின்ஸ் நின்று நங்கூரச் சங்கிலிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஜன்னலருகே நின்று பார்த்தாள். இரும்பும் மரமும் கண்ணாடியுமாய் அடைத்துக் கட்டிய இவ்வளவு பெரிய படகில் சத்தம் எங்கே எழும்பி எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும். முன்னால் நின்று சொன்னது குழாய்களுக்குள்ளால் ஓடிக் கீழே போய்க் கேட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சற்று நேரத்தில் அவன் வந்தான். துறைமுகச் சேற்றின் மணமும் துருவின் மணமும் கூடவே வந்தன. சோற்றையும் சாளைமீன் சொதியையும் அவன் முன் வைத்துவிட்டு, கீழே நிற்கிறது யார் என்று கேட்டாள். துரியாக இருக்கும் என்றான், வாயில் சோற்றோடு. எஞ்சின் பார்க்கிற இத்தாலியக் கிழவர் துரி ஏதோ சாமான் வாங்கவென்று கரைக்கு இறங்கிப் போனதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். சாப்பிடுகிற மனிதனிடம் அதை ஏன் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கார்த்திகை அது. மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் அடுத்தடுத்த வீதிகளில் பிறந்த இருவரும் பலெர்மோவுக்கு வந்தது வேறு வேறு காலத்தில். செலஸ்ரீனா முந்தி வந்தவள். மொண்டெல்லோவில் ஒரு பணக்காரச் சின்ஞோராவின் வீட்டில் வேலைக்கு நின்று, அப்போதிருந்த சட்டத்தோடு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் எடுத்துவிட்டாள். பிறின்ஸிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வியா மக்வேதா வீதியில் போகும்போதும் சுவரோடு ஒட்டித்தான் நடப்பான். தூரத்தில் பொலிஸ் தொப்பி ஒன்றைக் கண்டால் பக்கத்துக் கடைக்குள் புகுந்து சப்பாத்து விலை கேட்பான். அந்தக் கார்த்திகையில்தான் புதுச் சட்டம் வந்தது. இவன் என்னிடம் வேலை செய்கிறான் என்று ஒரு முதலாளி கையெழுத்து வைத்துக் கொடுத்தால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் அவனுக்கும் பெர்மெஸ்ஸோ கிடைக்கும். கால்சாப் பகுதியில் தமிழர் குடியிருந்த வீடுகளில் எல்லாம் அதே கதையாக இருந்தது.

எல்லோரும் தொத்தோரே என்று கூப்பிடும் சின்ஞோராவின் மகன் கையெழுத்து வைக்கச் சம்மதித்தார். அதற்கு முன் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றார். அவருடைய தகப்பன் விட்டுப்போன உல்லாசப் படகு, கால்சாவை ஒட்டிய காலா என்ற பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. நத்தார்ப் பெருநாளுக்கு முன் அது ஜெனோவாவுக்குப் போய் விலைப்பட வேண்டும். புருசனும் பெண்சாதியும் அதில் வேலைக்கு நில்லுங்கள், படகு நல்லபடியாகப் புறப்படுகிற அன்று கையெழுத்து என்றார்.

தொனாத்தெல்லா என்று அதற்குப் பெயர். மூன்று தட்டு, பேசாலைக் கோயில் மண்டபத்தைப் போல நீளம், முழுக்க வெள்ளை. பக்கத்தில் கட்டிய மீன்பிடி வள்ளங்கள் அதன் விலாவுக்குக் கீழே குட்டிகளைப்போல ஆடின. ஆனால் அது ஆடுவதில்லை. காற்றடித்தாலும் கயிறுகள் முனகுமே தவிர, தரையில் நட்டு வைத்ததுபோல அசையாமல் நிற்கும்.

முதல் நாளே செலஸ்ரீனா படகின் கப்டனிடம், மற்ற ஆட்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். எத்தனை பேருக்கு உலை வைக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கொமந்தாந்தே என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். உயரமான, மெலிந்த மனிதர். வயது மட்டுக்கட்ட முடியாத முகம். ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். தொனாத்தெல்லாவுக்கு ஒன்பது ஆள் வேண்டும் என்றார் அவர். சுக்கான் பிடிக்கத் தான், தான் தூங்கும்போது பிடிக்க இன்னொருவன், எஞ்சினுக்கு இரண்டு பேர், கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் மேல்தளத்துக்கும் மூன்று பேர், சமையலுக்கு ஒருவர், அறைகளைப் பார்க்க ஒருவர். கடலில் ஒருவர் படுத்தால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அதனால் ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் இந்தப் படகு துறைமுகத்தை விட்டு அசையாது என்று, ஏதோ பிடிவாதக்காரக் கிழவியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். இப்போது நான்கு பேர்தானே இருக்கிறோம், தொத்தோரே வேறு ஆள் எடுக்கிற மாதிரித் தெரியவில்லையே என்றாள் அவள். கொமந்தாந்தே அணியத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பிறின்ஸ் யாரும் சொல்லாமலே கயிறுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தான்.

"மனமுள்ளவன் ஒருவன் இருந்தால் போதும்" என்றார்.

புருசனைப் புகழ்கிறார் என்று நினைத்து அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறின்ஸின் சுபாவம் அப்படி. ஊரில் செத்தவீடு என்றால் பந்தல் கால் நடுவதும் அவன்தான், கடைசியாகக் கதிரைகளைத் திருப்பி ஏற்றுவதும் அவன்தான். மற்றவன் கையில் பாரத்தைக் கண்டால் அவனுக்குப் பொறுக்காது. பலெர்மோவுக்கு வந்து அவன் முதலில் பிடித்துக்கொண்ட இத்தாலியச் சொல் "ஃபாச்சோ இயோ", நான் செய்கிறேன் என்பது. கொமந்தாந்தேக்கும் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கோப்பி குடித்து முடிந்ததும், அன்று ஆகவேண்டிய வேலையைச் சொல்லிவிட்டு, "கி லோ ஃபா?" என்று மெதுவாகக் கேட்பார். யார் செய்வது? துரி தரையைப் பார்ப்பார். பிறின்ஸ் சிரித்துக்கொண்டு "ஃபாச்சோ இயோ" என்பான். பெர்மெஸ்ஸோ கிடைக்க வேண்டுமே. சங்கிலியைக் கழுவுவது, ஃபாச்சோ இயோ. பக்கவாட்டுக்கு வெள்ளை அடிப்பது, ஃபாச்சோ இயோ. கிழிந்த கித்தானைத் தைப்பது, எண்ணெய்த் தொட்டி துடைப்பது, எல்லாம் ஃபாச்சோ இயோ.

வேலைகள் நடந்தன. அதுதான் விசித்திரம். காலையில் சொன்னது சாயந்தரத்துக்குள் முடிந்துகிடந்தது. பித்தளைப் பிடிகளில் முகம் தெரிந்தது. கயிறுகள் பாம்பு சுருண்டதுபோல வட்டம் வட்டமாகக் கிடந்தன. ஒருவன் நான்கு நாளில் அடிக்க வேண்டிய வர்ணம் ஒரே பகலில் காய்ந்து நின்றது. சமையலறையில் நின்று காய் வெட்டும்போது செலஸ்ரீனா தலைக்கு மேலே தளம் தேய்க்கும் தும்புக்கட்டையின் சரக் சரக்கையும், காலுக்குக் கீழே எஞ்சினைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலின் டக் டக்கையும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஊசியைக் கித்தானுக்குள் இழுக்கும் விர் என்ற மெல்லிய சத்தத்தையும் ஒரே நேரத்தில் கேட்டாள். முதலில் அதைச் சத்தம் என்றுதான் கேட்டாள். பிறகு ஒருநாள், வெங்காயத்தில் கண் எரிய நிற்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே தாளம் இருப்பது புத்தியில் தட்டியது. பிறின்ஸ் வேலை செய்யும்போது மூன்று தரம் கையை ஓட்டி ஒருதரம் மூச்சு விடுவான். தேய்ப்பு நின்ற இடத்தில் தட்டும் நின்றது. ஊசியும் நின்றது. மேலே, கீழே, சுவருக்கு அப்பால், ஒரே மூச்சு.

அன்று அவள் வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய்க் காற்றில் நின்றாள்.

வீட்டில்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. கால்சாவில், பழைய உலக யுத்தத்தில் குண்டு விழுந்து ஒரு பாதி இடிந்த மாளிகைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் அவர்களுக்கு ஓர் அறை. முன்பெல்லாம் பிறின்ஸ் படியேறி வருவது முதல் மாடியிலேயே கேட்கும். இப்போது கதவு திறந்த பிறகுதான் அவன் வந்தது தெரிந்தது. கட்டிலில் வந்து படுத்தால் அந்தப் பக்கம் பதிவதில்லை. ஒரு சேலையை மடித்து வைத்ததுபோல இருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. அடுத்த அறையில் இருந்த சுஜானி, ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போகிற பெண், அவனைப் படிக்கட்டில் கண்டுவிட்டு வந்து சொன்னாள்.

"அக்கா, அண்ணைக்கு உடம்பிலை இரத்தமே இல்லை. முகத்தைப் பாத்தனீங்களே? டொக்ரரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

டொக்டரிடம் போகக் கடதாசி வேண்டும். படகு புறப்படட்டும், பிறகு எல்லாம் பார்ப்போம் என்று பிறின்ஸ் சொல்லிவிட்டான். அதையும் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அவன் மறக்கத் தொடங்கியிருந்தான். செபமாலை சொல்லும்போது அருள்நிறைந்த மரியே பாதியில் நின்றுபோய், அவள் எடுத்துக் கொடுக்கும்வரை வாயைத் திறந்தபடி இருந்தான். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வரும் கொஞ்சத் தூரத்தில் ஒரு சந்தியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருக்கும் அவனுடைய தம்பி றோபேட்டுக்குக் கடிதம் போடவில்லையே என்று அவள் நினைவுபடுத்தினாள். மாதம் தவறாமல் எழுதுகிறவன், தன் வாயைக் கட்டி அந்தத் தம்பிக்கு அனுப்புகிறவன், தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"எந்த றோபேட்?" என்றான்.

 அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான். கட்டில் கிறீச்சிடவில்லை.

மார்கழி பிறந்து சில நாளில் துரி போய்விட்டார். செலஸ்ரீனா கோப்பி கொண்டுபோனபோது எஞ்சின் அறைப் படியேறி, கருவிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். முகம் முழுக்கப் புகைக்கரி. அதில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. கோப்பியை வாங்கவில்லை. காலையிலிருந்து உன் புருசனோடுதான் கீழே வேலை செய்தேன் என்றார். திருகுசாவி நீட்டினான், விளக்குப் பிடித்தான், பேச்சில்லை. இப்போது மேலே வந்து பார்த்தால் அவன் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கி வெள்ளை அடிக்கிறான். எப்போது வந்தாய் என்று கேட்டால், இன்று கீழே இறங்கவே இல்லையாம். துரி கீழே திரும்பிப் பார்த்தார். படிகளின் அடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், யாரோ பழந்துணியால் இரும்பைத் துடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று தரம். மூச்சு. மூன்று தரம்.

"சின்ஞோரா, அவனை இனி ஓம், செய்கிறேன் என்று சொல்ல விடாதே" என்றார் துரி. கரைக்குப் போகும் பலகையில் வயதை மறந்து ஓடினார்.

அன்றிரவு அவள் புருசனிடம் கேட்டாள். வேலையை விடுவோம், கடதாசி போனால் போகட்டும் என்றாள். அவன் அவளுடைய கையைப் பிடித்திருந்தான். அந்தக் கையில் பாரமே இல்லை, சூடு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இன்னும் கொஞ்ச வேலைதான் செலஸ்" என்றான். "ஆள் காணாது எண்டு கொமந்தாந்தே சொன்னவர். நான் செய்யாட்டி ஆர் செய்யிறது?"

சாந்த லுச்சியா திருநாளன்று படகு புறப்படுவதாக இருந்தது. பகல் முழுக்க ஆபிரிக்காவிலிருந்து ஷிரோக்கோ என்ற பாலைக்காற்று வீசியது. மார்கழியில் அப்படியொரு சூடு. மலைகளைக் காணவில்லை; வானம் மஞ்சள் பிடித்து, சூரியன் ஒரு பழைய காசு போலத் தெரிந்தது; பல்லுக்கிடையில் மணல் கடிபட்டது. அந்தத் திருநாள் வழக்கப்படி அன்று பலெர்மோவில் யாரும் பாண் தின்னமாட்டார்கள். காலாவைச் சுற்றியிருந்த கடைகளில் எல்லாம் அரன்சீனா என்ற சோற்றுருண்டை பொரிக்கும் எண்ணெய் மணம் அந்தச் சூட்டுக் காற்றில் கலந்து குமட்டியது. காலையில் எழும்பிப் பார்த்தபோது பிறின்ஸ் அறையில் இல்லை. கதவு உள்ளே பூட்டியபடி இருந்ததா, திறந்திருந்ததா என்று அவளுக்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. துறைமுகத்துக்கு ஓடினாள். அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவது, பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

படகில் அன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் கால் வைத்ததும் உள்ளங்காலில் அதன் அதிர்வு ஏறியது. முதன்முறையாக தொனாத்தெல்லா அலையோடு ஆடியது. மெல்ல, தூக்கம் கலைகிற ஒன்றைப்போல.

அவள் நேரே அணியத்துக்குக் கீழே, ஆட்கள் படுக்கும் அறைகளுக்குப் போனாள். ஒடுங்கிய நடை. இரண்டு பக்கமும் கதவுகள். துப்புரவு செய்ய அவள் வழக்கமாக வருகிற இடம்தான். விரிப்புப் போடாத வெறும் படுக்கைகள், நப்தலீன் உருண்டை மணம், அவ்வளவுதான் அங்கே இருந்திருக்க வேண்டும். முதல் கதவைத் திறந்தாள். படுக்கை விரித்துக் கிடந்தது. யாரோ படுத்து எழும்பிய படுக்கை. தலையணை நடுவில் பள்ளம். குனிந்தாள். தேங்காயெண்ணெயும் வியர்வையும் சேர்ந்த மணம். அவளுடைய வீட்டுக் கட்டிலின் வலது பக்கத்து மணம்.

அடுத்த கதவு. அதே பள்ளம். அதே மணம்.

அடுத்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

கடைசி அறையில் ஒருவன் முதுகு காட்டி இருந்து கித்தான் தைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. கழுத்தின் இடது பக்கத்தில் மச்சம். அந்த மச்சத்தை அவளுடைய விரல்களுக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ" என்றாள்.

அவன் திரும்பினான். பிறின்ஸின் முகம். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. கண்கள் அவளில் பட்டு, ஒரு கதிரையில் பட்டதுபோல நின்று, பிறகு ஊசிக்குத் திரும்பின. விர். விர். விர். மூச்சு.

அவள் பின்னுக்கு நடந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு. படியேறினாள். எஞ்சின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மங்கல் விளக்கில் இரண்டு முதுகுகள், எதிரும் புதிருமாய், ஒன்று குனிய மற்றது நிமிர்ந்தது. பார்க்காமல் கடந்தாள். பக்கத் தளத்தில் ஒருவன் கயிறு அவிழ்த்தான். பிறின்ஸ். மேலே, கண்ணாடிக்குப் பின்னால், சுக்கானருகே ஒருவன். மஞ்சள் வெளிச்சத்தில் அவனுக்கும் அதே நெற்றி. அவள் வாய்க்குள் மணல்.  மாதாவே. மாதாவே.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டாள்.

"பிறின்ஸ்."

"வாறன்."

கீழேயிருந்து. மேலேயிருந்து. சுவருக்குள்ளிருந்து. அணியத்திலிருந்து. சங்கிலிக் கிடங்கின் இரும்புக்குள்ளிருந்து. ஒரே குரல், கடைசி எழுத்தை விழுங்கும் ஒரே குரல், வாறன், வாறன், வாறன். பிறகு எல்லாம் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடியது.

மற்றவர் ஒருவரும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தது ஒருவன்தான். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்தான். சிரித்தான்.

"என்ன செலஸ், ஏன் இப்பிடிப் பயந்துபோய் நிக்கிறாய்?"

"என்னைத் தெரியுதோ?"

"ஏன் தெரியாமல்."

அவள் இன்னொன்று கேட்டாள். "றோபேட் ஆர்?"

"என்ரை தம்பி. மண்டபத்திலை இருக்கிறான். ஏன் கேக்கிறாய்?"

அவள் விம்மிவிட்டாள். அவனுடைய கையைப் பிடித்தாள். கனமான கை, சூடான கை, பேசாலையில் கோயில் வாசலில் முதன்முதல் பிடித்த கை. பழைய பிறின்ஸ். இவ்வளவு நாளும் தொலைந்திருந்தவன் கிடைத்துவிட்டான் என்ற நினைப்பில் மற்ற எதையும் அவள் நினைக்கவில்லை. வாருங்கோ, போவம் என்றாள். அவன் ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்தான். பலகையின் தலைப்பில் கொமந்தாந்தே நின்றார். மறிப்பார் என்று நினைத்தாள். மறித்தால் கடித்தாவது போவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் விலகி வழி விட்டார். தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார்.

"போய் வாருங்கள் சின்ஞோரா" என்றார். "ஆள் போதும்."

அவனுடைய பாரத்தில் பலகை வளைந்து கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் கோயில் பாட்டும் செபமும் சேர்ந்ததுபோல இனித்தது. கரைக் கல்லில் கால் பட்டதும் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் சாய்ந்து நின்றாள். பின்னால் பலகை உள்ளே இழுபட்டது. கயிறுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. அரன்சீனாக் கடை வாசலில் நின்றவர்கள் கடதாசியில் எண்ணெய் ஒழுகத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் கறுப்புத் தண்ணீர் ஒரு முழமாகி, ஒரு வீதியளவு அகன்றது. தளங்களில் வெள்ளைச் சட்டைகள் அங்குமிங்கும் போய்வந்தன, அவசரமில்லாமல், ஒன்றை ஒன்று முட்டாமல்.

படகின் பின்பக்கத்தில் ஒருவன் ஈரக் கயிற்றை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்களைவிட மெலிந்தவன். சட்டை அவனுடைய தோளில் நிற்காமல் காற்றில் அடித்தது. கயிறு பாதியில் நின்றது. அவன் தலை நிமிர்ந்து கரையைப் பார்த்தான்; பொரிக்கிற புகையை, கரையோரத்துக் காத்தேனா மாதா கோயிலின் தூண்களை, எங்கேயோ பார்த்த இடத்தை ஞாபகப்படுத்துகிறவனைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குரல் வருவதற்கு முன்பே வாய் அசைந்தது.

"செலஸ்."

கயிறு கையிலிருந்து விழுந்தது. அவன் ஓடிவந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான்.

"செலஸ், நான் இஞ்சை நிக்கிறன்."

அவள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் படகைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, பொறுமையாக, அடுத்து என்ன என்று சொல்லும்வரை காத்திருப்பவனின் சிரிப்போடு நின்றான். அவளுடைய கை அவனுடைய கைக்குள் இருந்தது. தன் கையை இழுத்தாள். வரவில்லை.

படகில், மெலிந்தவன் ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு மேலே போட்டான். இரண்டு பக்கத்திலுமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் அவனுடைய முகம். அந்த முகங்களில் கோபம் இல்லை. காலைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள், கதவு நிலையைப் பிடித்து அழும் பிள்ளையின் விரலைக் கழற்றுவதுபோல. விழுந்த கயிற்றை எடுத்து அவனுடைய கையில் வைத்து, அதன்மேல் தங்கள் கைகளை வைத்து, அவனுடைய கைகள் தாமாகச் சுற்றத் தொடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தங்கள் வேலைக்குப் போனார்கள். அவன் சுற்றினான். மூன்று சுற்று, ஒரு மூச்சு. மூன்று சுற்று, ஒரு மூச்சு. வாய் மட்டும் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.